புல்வெளி விடுதியும் நிலத்திற்கு உரியோரும்

‘சஃபாரி’ என்பது சுவாஹிலி மொழியில் பயணத்தைக் குறிக்கும் சொல்லாகும். தமிழ் முஸ்லிம்களின் வழக்கில் உள்ள ‘சபர்’ என்னும் அரபுச் சொல்லே அதற்கும் வேர். ஒரு காலத்தில் வேட்டையோடு இணைத்துப் பேசப்பட்ட அச்சொல், கென்யாவில் 1977ஆம் ஆண்டு வேட்டை தடை செய்யப்பட்டபின் விலங்குகளைக் கண்டு மகிழும் பயணத்தையே சுட்டி நிற்கிறது.

கென்யாவின் மாசாய் மாரா புல்வெளியில் நாம் தங்க நேரின், சிறு விமானம் மண் ஓடுதளத்தில் நம்மை இறக்கிவிடும். விடுதி என்பது பெரும்பாலும் கித்தான் கூடாரங்களே. வேலியில்லா விடுதிகள் பல. ஆதலின், இருட்டியபின் காவலர் துணையின்றி உணவுக் கூடத்திற்கும் செல்லுதல் ஆகாது. மழையையும் புல்லையும் தேடி, பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் என்னும் மாட்டுருவ மான்கள் ஆண்டுதோறும் தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து வடக்கே வருகின்றன. ஏறத்தாழ சூலை முதல் அக்டோபர் வரை அவற்றை மாராவில் காணலாம்.

இக்காட்சியில் திளைக்கும் நாம் இதனை ஆளில்லாப் பெருவெளி என்று எண்ணிவிடுதல் எளிது. அஃது உண்மையன்று. இது மாசாய் மக்கள் ஆநிரை மேய்த்து வாழ்ந்துவரும் நிலம். செரங்கெட்டி 1951இல் தேசியப் பூங்காவாயிற்று. 1959இல் அங்கிருந்த மாசாய் மக்கள் வெளியேற்றப்பட்டு, அண்டையிலுள்ள கொரங்கோரோவிற்கு அனுப்பப்பட்டனர். நிலத்தையும் விலங்கையும் மக்களையும் ஒருங்கே வைத்தெண்ணிய நம் திணை மரபை அறிந்தோர்க்கு, இப்பிரிவின் துயரம் எளிதில் விளங்கும்.

மாரா காப்பகத்தை அடுத்த பகுதிகளில், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறொரு வழி வலுப்பெற்றது. மாசாய்க் குடும்பங்கள் தத்தம் நிலத்துண்டுகளை ஒன்றிணைத்து விடுதிகளுக்குக் குத்தகைக்கு விடுகின்றன. நிலம் அவர்களுடையதாகவே இருக்கிறது. வாடகை அவர்களுக்கு வருகிறது. மேய்ச்சல் முறைப்படுத்தப்படுவதால் விலங்குகளுக்கும் இடம் கிடைக்கிறது. எனினும், 2020இல் கொரோனாவால் பயணிகள் வரவு நின்றபோது இவ்வருவாய் குறைந்தது. குத்தகைக்கு விட்ட நிலத்தில் விரும்பியவாறு மேய்க்கவும் இயலாது என்பதால், இம்முறையின் சுமை யார் தோளில் விழுகிறது என்பது அப்போது புலனாயிற்று.

ஆகவே, விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது சிங்கம் தென்படுமா என்று மட்டும் கேளாமல், இந்நிலம் யாருடையது, நாம் தரும் பணத்தில் அவர்க்குரிய பங்கு யாது என்றும் கேட்டல் வேண்டும். விருந்தினராய்ச் செல்வோர் வீட்டாரை அறிந்திருத்தல் முறையன்றோ?