லியோனில் முதல் நாள்: ஒரே ஒரு நூலைப் பிடிச்சு நடந்தோம்

"ஜோடியா முதல் தடவை ஒரு வெளிநாட்டு ஊருக்குப் போறோம், முதல் நாள் எங்க ஆரம்பிக்கிறது?" இதுதான் இன்னைக்குத் தலைப்பு. என் பதில் சுருக்கம். இருபது இடம் இருக்கிற லிஸ்ட் வேண்டாம். ரெண்டு பேருக்கும் பொதுவான ஒரு நூலைப் பிடிங்க, அது போற வழியில நடங்க. பிரான்ஸ்ல இருக்கிற லியோன் நகரத்துல நாங்க அப்படித்தான் பண்ணோம்.

ஏன் லியோன்? எனக்குச் சந்தவாசல் பக்கம். ஆரணிப் பட்டு நெய்யுற வட்டாரம். எங்க பக்கம் தறிக்கு மேல ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும், ஓட்டை போட்ட அட்டைங்க அதுல மாலை மாதிரி சுத்திட்டிருக்கும். ஜக்கார்டு பெட்டின்னு சொல்லுவாங்க. அது ஒரு மனுஷனோட பேரு! ஜோசப் மரி ஜக்கார், 1752இல் லியோன்ல பிறந்தவர். தனக்கு முன்னாடி இருந்தவங்க செஞ்சதை மேம்படுத்தி, 1804 வாக்கில் இந்தக் கருவியைக் கொண்டுவந்தார்.

வேலை செய்யுற விதம் ரொம்ப எளிமை. அட்டையில ஓட்டை இருந்தா ஊசி உள்ளே போகும், அந்தப் பாவு இழை மேலே தூக்கும். ஓட்டை இல்லைன்னா இழை கீழேயே நிக்கும். முந்தானையில வர்ற மயில் இப்படித்தான் வரி வரியா உருவாகுது. என் மனைவிக்கு சாஃப்ட்வேர் வேலை. "அட, இது ஒண்ணும் பூஜ்ஜியமும்தானே!"ன்னாங்க. நிஜம்தான். 1839இல் ஜக்காரோட உருவத்தையே சுமார் 24,000 அட்டை வச்சுப் பட்டுல நெய்தாங்க. அதுல ஒண்ணு சார்லஸ் பாபேஜ் கிட்ட இருந்தது. அவர் திட்டம் போட்ட கணக்கு இயந்திரத்துக்கு அட்டை யோசனை ஜக்கார் தறியில இருந்து வந்ததுதான். எங்க ரெண்டு பேருக்கும் பொதுவான நூல் கிடைச்சாச்சு.

இப்ப நடை. காலையில மெட்ரோ சி லைன் பிடிச்சு க்ருவா ரூஸ் மேட்டுக்கு ஏறிடுங்க. ஊட்டி மலை ரயில் மாதிரியே தண்டவாளத்துக்கு நடுவுல பல் வச்ச ரயில் இது. மேல ஏற ரயில், கீழ இறங்க கால். பயணக் களைப்போட இருக்கிற முதல் நாளுக்கு இந்தக் கணக்கு முக்கியம்.

இந்த மேடுதான் பழைய நெசவாளர் பேட்டை. நெசவாளிக்கு அங்க 'கனு'ன்னு பேரு. வீட்டு ஜன்னல்களைப் பாருங்க, அவ்வளவு உயரம். ஜக்கார் தறி உள்ளே நிக்கணும்னு கூரையை ஏறக்குறைய நாலு மீட்டர் உயரத்துல கட்டினாங்க. 1987இல் வரைஞ்ச பெரிய சுவரோவியம் ஒண்ணு இருக்கு, 1,200 சதுர மீட்டர். அப்புறம் ரெண்டு தடவை அதைப் புதுப்பிச்சப்போ, ஓவியத்துல இருக்கிற ஆட்களுக்கும் வயசு கூட்டி வரைஞ்சிருக்காங்க! அடுத்து 'மேசோன் தே கனு' அருங்காட்சியகம். அங்க தறியை ஓட்டியே காட்டுவாங்க. தறிச் சத்தத்தை வச்சு 'பிஸ்தான்க்ளாக்'னு அந்த ஊர்க்காரங்க தறிக்கே பேர் வச்சிருக்காங்க.

அங்கிருந்து கீழே இறங்கும்போது 'த்ராபூல்'ங்கிற சந்துகளைத் தேடுங்க. ஒரு தெருவுல நுழைஞ்சு, கட்டிடத்துக்குள்ளேயே நடந்து, அடுத்த தெருவுல வெளிய வரலாம். மழையில பட்டு நனையாம கொண்டுபோக இந்த வழி உதவியிருக்கு. உள்ளே மக்கள் குடியிருக்காங்க, அதனால சத்தம் போடாதீங்க. அதுல 'கூர் தே வோராஸ்' முற்றத்துல இருக்கிற ஆறு மாடிக் கல் படிக்கட்டைத் தவறவிடாதீங்க.

அந்த முற்றத்துல ஒரு நிமிஷம் நில்லுங்க, ஏன்னா இந்த மேட்டோட இன்னொரு கதை கூலி பத்தினது. வியாபாரி பட்டைக் கொடுப்பார், நெசவாளி தன் வீட்டுத் தறியில நெய்து கொடுத்துத் துணிக்கு இவ்வளவுன்னு கூலி வாங்குவார். ஆரணிப் பக்கம் இருக்கிறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1831 அக்டோபர்ல குறைந்தபட்சக் கூலி ஒப்பந்தம் ஒண்ணு போட்டாங்க. வியாபாரிகள் பலர் அதை ஏத்துக்கல. நவம்பர்ல நெசவாளிகள் கிளர்ந்து எழுந்து நகரத்தையே பிடிச்சாங்க. டிசம்பர்ல ராணுவம் வந்து திரும்ப எடுத்துக்கிச்சு, கூலி ஒப்பந்தமும் ரத்தாச்சு. 1834இல் மறுபடி எழுந்தாங்க, அதையும் ரத்தத்துல அடக்கினாங்க.

சாயங்காலம் சோன் ஆத்தைத் தாண்டிப் பழைய லியோன். அங்கிருந்து கயிறு இழுக்கிற ரயில்ல ஃபூர்வியேர் குன்றுக்குப் போயிடுங்க. இதை 'வேண்டுகிற குன்று'ன்னும், க்ருவா ரூஸை 'உழைக்கிற குன்று'ன்னும் சொல்றாங்க. உழைக்கிற குன்றுல இறங்கி, வேண்டுகிற குன்றுல ஏறி முடிச்சா, முழு ஊரும் காலடியில தெரியும்.

லியோன்ல கைத்தறிச் சத்தம் இப்ப அருங்காட்சியகத்துலயும் விரல்விட்டு எண்ணக்கூடிய பட்டறைகள்லயும்தான் கேட்கும். அதைக் கேட்க நாம டிக்கெட் வாங்குறோம். ஆரணியில அது இன்னும் சோறு போடுற சத்தம். அதனால அடுத்த தடவை பட்டுப் புடவை வாங்கும்போது, விலையோட சேர்த்து இன்னொண்ணும் கேளுங்க: "இதை நெய்தவருக்குக் கூலி எவ்வளவு?" லியோன் சண்டை போட்டதே இந்தக் கேள்விக்காகத்தான்.

உங்க ஜோடிக்குப் பொதுவான நூல் எது? யோசிச்சு வைங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!