தெருவிளக்குக்கு அஞ்சு மார்க்!

பாஸ்டன் பக்கத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். எட்டாவது படிக்கும் பேரன், சாப்பாட்டு மேஜை முழுக்கக் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு யாருக்கோ மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தான்.

''என்னடா, லவ் லெட்டரா?''

''போங்க தாத்தா! ஸ்கூலுக்கு எதிர்ல ரோடு கிராஸ் பண்ண சிக்னல் இல்லை. டவுன் ஹாலுக்கு எழுதறேன். சிவிக்ஸ் ப்ராஜெக்ட்!''

அசந்துபோனேன். மகள்தான் விளக்கினாள். மாசசூஸெட்ஸ் மாநிலத்தில் 2018-ல் இதற்கென்றே சட்டம் போட்டிருக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் ஒன்று, ஹைஸ்கூலில் ஒன்று என்று மாணவர்களே முன்னின்று செய்யும் ப்ராஜெக்ட்டுக்கு அரசுப் பள்ளிகள் வழி செய்து தரவேண்டும். கட்சிச் சார்பு மட்டும் கூடாது!

அரிசோனாவில் 2015-ல் வந்த சட்டம் வேறு ரகம். குடியுரிமை கேட்டு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கான 100 கேள்விகளை அப்படியே மாணவர்களிடம் நீட்டியது. 60-க்குச் சரியான பதில் சொன்னால்தான் ஹைஸ்கூல் சர்டிபிகேட் என்றது.

''ஒப்பிக்கிறதுன்னா எங்களை யாரும் ஜெயிக்க முடியாதுடா!'' என்று மீசையை முறுக்கினேன். வரலாறு, புவியியல் எல்லாம் முடிந்து, புத்தகத்தின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்குமே குடிமையியல்... அதில் 'நகராட்சியின் கடமைகள் யாவை?' என்ற கேள்விக்கு குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு என்று ஒன்று விடாமல் எழுதி, அஞ்சுக்கு அஞ்சு வாங்கியவன் நான்!

''அப்போ, உங்க தெருவுல ஆறு மாசமா லைட் எரியலைன்னு அம்மாகிட்ட போன்ல புலம்பினீங்களே... யாருக்கு லெட்டர் எழுதினீங்க?''

''அது வந்து...''

''உங்க கவுன்சிலர் பேராவது தெரியுமா தாத்தா?''

திருதிருவென்று விழித்தேன். அந்த இருட்டில்தான் அவன் பாட்டி கல் தடுக்கி விழுந்து, மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டாள். அப்போதுகூட நான் ஊரையே திட்டினேனே தவிர, ஒரு வரி எழுதிப் போடவில்லை.

அரிசோனா கேள்விகளும் வீண் என்று சொல்லமாட்டேன். யாரிடம் கேட்பது என்று தெரிந்தால்தானே போய்க் கேட்க முடியும்? ஆனால், தெரிந்ததோடு நின்றுவிட்டால் என் கதிதான்!

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக டீக்கடையில் விசாரித்தேன். கவுன்சிலர் பக்கத்துத் தெருவாம். தினமும் வாக்கிங்கில் எனக்கு 'குட்மார்னிங்' சொல்கிற அந்த அம்மாள்தான்!

மனு கொடுத்துவிட்டேன். நகல் ஒன்று பேரனுக்கும் போயிருக்கிறது. மார்க் போடட்டும்!