மூளைக்குள் ஒரு விதைக்கோட்டை

"வளர்ந்தவர் மூளையில் புது நரம்பணு பிறக்காது என்று படித்தோம். இப்போது பிறக்கும் என்கிறார்கள். பிறக்கும் நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள்?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

பிறப்பதற்கான சான்று 1965லேயே வந்துவிட்டது. ஆய்வாளர்கள் ஜோசப் ஆல்ட்மனும் கோபால் தாஸும் எலி மூளையின் நினைவுப் பகுதியான ஹிப்போகாம்பஸில் அதைக் காட்டினார்கள். பாடப்புத்தகத்தோடு ஒத்துப்போகாத அந்த வேலையைப் பல்லாண்டுகள் யாரும் பொருட்படுத்தவில்லை. பெரிய அநியாயம் அது.

நேரத்தைப் பற்றிய கேள்விக்கு வருவோம். ஹிப்போகாம்பஸில் புது நரம்பணுக்களைப் பெற்றெடுக்கும் மூல உயிரணுக்கள் பெரும்பாலும் உறக்கத்தில் இருக்கின்றன. பக்கத்திலேயே பார்வால்புமின் நரம்பணுக்கள். காபா என்ற வேதிப்பொருளைச் சுரந்து மற்ற நரம்பணுக்களை அடக்கி வைப்பது இவற்றின் தொழில். அந்தக் காபா கசிந்து மூல உயிரணுக்களையும் எட்டிவிடுகிறது. 2012இல் ஹோங்ஜுன் சோங் குழுவினர் சுண்டெலி மூளையில் ஒளியைப் பாய்ச்சி இந்தப் பார்வால்புமின் அணுக்களை இயக்கினார்கள். மூல உயிரணுக்கள் உறங்கின. இயக்கத்தை நிறுத்தினார்கள், விழித்துப் பெருகத் தொடங்கின.

வியப்பு அடுத்த ஆண்டு வந்தது. தாயான மூல உயிரணுவை உறங்க வைத்த அதே பார்வால்புமின் அணுக்கள் இயங்கினால், அப்போதுதான் பிறந்த பிள்ளை அணுக்கள் அதிகம் பிழைத்தன. நின்றால் அதிகம் மடிந்தன! வீட்டில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த மாதத்திலும் விதைக்கோட்டையை அவிழ்க்கவிடாத என் பாட்டி, நாற்று முளைத்துவிட்டால் பொழுதுக்கும் அதன் பக்கத்திலேயே இருப்பாள். அந்தக் கண்டிப்பும் கரிசனமும்தான் இங்கேயும். முதிர்ந்த நரம்பணுவை அடக்கும் காபா, உள்ளே குளோரைடு மிகுந்த இளம் அணுவைத் தூண்டிவிடுகிறது என்பது இன்னொரு விந்தை.

ஆக, சுற்றியுள்ள நரம்பணுச் சுற்று என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே பிறப்பும் பிழைப்பும். 1997இல் ஆய்வாளர்கள் கெம்பர்மனும் கேஜும் விளையாட்டுப் பொருள்கள் நிறைந்த பெரிய கூண்டில் சுண்டெலிகளை வளர்த்தபோது, புது அணுக்கள் அதிகம் தங்கின. பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டு வகுப்பைப் பிடுங்கிக் கணக்குக்குக் கொடுக்கும் பள்ளிகளை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மனித மூளையில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதில் சண்டை ஓயவில்லை. 2018இல் ஒரு குழு பெரியவர்களிடம் அநேகமாக இல்லை என்றது. இன்னொரு குழு 79 வயதிலும் உண்டு என்றது. அதற்குள் நினைவாற்றல் மாத்திரைக்காரர்கள் கடை விரித்துவிட்டார்கள். கெம்பர்மன் கூண்டில் மாத்திரை எதுவும் இல்லை. சுண்டெலிகளுக்குக் கிடைத்தவை ஓடச் சக்கரம், புகுந்து வெளிவரக் குழாய், கூட விளையாட மற்ற சுண்டெலிகள்.