மதிப்பெண் குறைந்தால் முறையிடலாமா?



பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வழக்கமாக மே மாதத்தில் வெளிவருகின்றன. அன்று நம் பங்கில் சில வீடுகளில் இனிப்பு வழங்கப்படும்; சில வீடுகளில் பேச்சே இருக்காது. "நன்றாகத்தான் எழுதினேன்" என்று பிள்ளை அழுகிறாள். "விடக்கூடாது, மறுமதிப்பீட்டுக்குப் போடு" என்கிறார் அப்பா. "ஆண்டவர் கொடுத்தது இவ்வளவுதான், விட்டுவிடு" என்கிறார் அம்மா. இருவரில் யார் சொல்வது சரி?

திருத்தூதர் பணிகள் நூல் 25ஆம் அதிகாரத்தில், ஆளுநர் பெஸ்து முன் நிற்கும் பவுலடியாரைப் பார்க்கிறோம். உரோமைக் குடிமகனுக்குரிய உரிமையைப் பயன்படுத்தி அவர் சீசரிடம் மேல்முறையீடு செய்கிறார். ஆகவே, முறையிடுவது விசுவாசக் குறைவு ஆகாது. ஆனால் அதே இடத்தில், தம்மிடம் குற்றம் இருந்தால் தண்டனையை ஏற்கவும் தயார் என்கிறார். உண்மை எதுவானாலும் ஏற்கும் இந்த மனநிலை நமக்கும் வேண்டும்.

உண்மையை அறிய முதல் வழி விடைத்தாள் நகல். நகலைப் பெற்ற பிறகே மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். அதைப் பிள்ளையும் பெற்றோரும் பாட ஆசிரியரிடம் கொண்டுபோய், பக்கம் பக்கமாகப் பார்ப்பது நல்லது. கூட்டலில் பிழை என்றால் மறுகூட்டல் போதும். சரியான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்பட்டிருந்தால் மறுமதிப்பீடு கேட்கலாம். அதில் மதிப்பெண் கூடலாம், குறையவும் செய்யலாம். பிழை ஒன்றும் இல்லை என்று ஆசிரியர் சொன்னால், அதுவும் ஒரு பதில்தான். விண்ணப்பிக்கச் சில நாள்களே தரப்படுவதால், தேதியையும் கட்டணத்தையும் உடனே பள்ளியில் கேட்டறிவோம்.

அந்த மதிப்பெண் எதற்குத் தேவை என்பதையும் யோசிப்போம். தமிழகப் பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கணிதத்தில் 4 கூடினால் கட்-ஆஃப் 4 கூடும். இயற்பியலில் 4 கூடினால் 2 கூடும். மொழிப்பாடத்தில் கூடினால் மாறாது. மருத்துவப் படிப்புக்குத் தரவரிசை நீட் தேர்வின்படி அமைகிறது. பிள்ளை விரும்பும் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்ட பிறகும் நாம் விண்ணப்பிக்கத் துடித்தால், அது பிள்ளைக்காகவா, உறவினருக்குப் பதில் சொல்வதற்காகவா என்று நம் மனச்சான்றைக் கேட்டுப்பார்ப்போம்.

மறுமதிப்பீட்டின் முடிவு வரும்வரை வீட்டில் அதே பேச்சு வேண்டாம். மற்ற கல்லூரி விண்ணப்பங்களை நிறுத்திவைக்கவும் வேண்டாம். தோல்வியுற்றவர்களுக்கு அதே ஆண்டிலேயே துணைத் தேர்வு உண்டு. பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், தனியே ஒதுங்கினால் மதிப்பெண்ணை மறந்து அருகில் அமர்வோம். தேவைப்பட்டால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை அழைப்போம்.

தவறு நடந்திருந்தால் திருத்தும்படி கேட்போம். நடக்கவில்லை என்றால் ஏற்றுக்கொள்வோம். இரண்டில் எதுவானாலும் இன்றிரவு குடும்பச் செபத்தில் அந்தப் பிள்ளையின் தலைமேல் கைவைத்து ஆசீர் அளிப்போம். முடிவு வரும்வரை அதைத் தள்ளிப்போட வேண்டாம்.