நிலாக் கல்லும் நம்ம மண்ணும்

நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பக்கம் வெளிறிய நிறத்தில் ஒரு பாறை இருக்கிறது. அனார்த்தோசைட் என்று பெயர். சந்திரயான் 2 கலத்தைச் சோதிக்க நிலாத் தரை மாதிரி ஒரு தரை வேண்டும் என்றபோது, இஸ்ரோ இந்தக் கல்லைத்தான் பொடியாக்கிப் பரப்பியது. நிலாவில் வெளிச்சமாகத் தெரிகிற மேட்டு நிலம் பெரும்பாலும் இதே இனப் பாறைதான்.

நிலாவில் வெள்ளையும் கருப்பும் வெறும் கண்ணுக்கே தெரியும். ஏறக்குறைய 450 கோடி ஆண்டுக்கு முன்னால், நிலா பிறந்த புதிதில், மேலெல்லாம் பாறைக் குழம்பு. அது ஆறும்போது கனமான கனிமங்கள் அடியில் தங்கின. கால்சியமும் அலுமினியமும் உள்ள லேசான பெல்ஸ்பார், பாலில் ஆடை மிதக்கிற மாதிரி மேலே வந்து உறைந்தது. அதுதான் வெள்ளை. கருப்பு, பிற்பாடு பள்ளங்களில் பரவிய எரிமலைக் குழம்பு, பசால்ட் பாறை. வெள்ளைப் பகுதியில் விண்கல் விழுந்த குழிகள் நெருக்கமாக இருக்கும், கருப்பில் குறைவு. எது பழைய நிலம் என்று இதை வைத்தே சொல்லிவிடலாம். 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய சந்திரயான் 3-இன் பிரக்யான் ஊர்தி அளந்ததும் இந்தக் குழம்புக் கதையோடு ஒத்துப்போனது.

சரி, உழவனுக்கு இதில் என்ன இருக்குது? மகாராஷ்டிரத்தில் பசால்ட் கரைந்து கரிசலாகி, பருத்தி விளைகிறது. பெல்ஸ்பார் நம்ம ஊரில் மழையிலும் வேர் கசியும் அமிலத்திலும் இளகிக் களிமண்ணாகிறது. நிலாவிலோ அதே இனக் கற்கள் இன்னும் தூளாகவே கிடக்கின்றன. மழை இல்லை, காற்று இல்லை, வேர் இல்லை. விண்கல் இடித்த தூள் முனை மழுங்காமல் கண்ணாடிச் சில்லு போல இருக்கும். கால்சியம், மக்னீசியம், இரும்பு எல்லாம் அதில் உண்டு. மட்கு கிடையாது. தழைச்சத்து இல்லை என்றே சொல்லலாம்.

அதிலும் விதைத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில், அப்பல்லோ 11, 12, 17 பயணங்களில் வந்த நிலாத் தூளில், செடிக்கு ஒரு கிராம் வீதம் எடுத்து, கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றை வளர்த்தார்கள். 2022-இல் முடிவு வெளியானது. விதைகள் முளைத்துவிட்டன. ஆனால் ஊட்டக் கரைசல் ஊற்றியும் வேர் குறுகி, வளர்ச்சி மந்தமாகி, சில செடிகளில் இலை செம்மை தட்டியது. உப்பு மண்ணில் தவிக்கிற பயிர் மாதிரிதான். அப்பல்லோ 11 தூள்தான் ஆக மோசம். விண்வெளிக் கதிர்வீச்சில் அதிக காலம் கிடந்தது அது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. பாறையில் சாம்பல்சத்து இருக்குதுன்னு குவாரித் தூளை லாரி கணக்கில் வயலில் கொட்டச் சொல்கிறார்கள். இருக்கிறது, பொய்யில்லை. ஆனால் அது லாக்கரில் பூட்டிய நகை, செலவுக்கு ஆகாது. சாவி நுண்ணுயிரிடமும் வேரிடமும் இருக்கிறது. தூள் போடுவதென்றால் முதலில் தொழுவுரக் குழியில் சாணம், தழையோடு அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காயாமல் சில மாதம் மட்க விடுங்கள். அதற்குப் பிறகு ஏதாவது ஒரு மூலையில் மட்டும் போட்டுப் பாருங்கள். மட்கு இல்லாத பொட்டல் காட்டுக்கு முதல் வேலை தூள் அல்ல, பலதானிய விதைப்பு.