புது வீட்டில் ஓசையற்ற பொங்கல்

புது தில்லி: மார்கழியில் புதுமனை புகுவது தமிழர் வழக்கமன்று. ஆயினும், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள வட்டவடையில் 2019 ஜனவரி 14-ம் தேதி, போகியன்று, ஒரு தமிழ்க் குடும்பத்துக்குப் புதிய வீட்டின் சாவி வழங்கப்பட்டது. முதல்வர் பினராயி விஜயன் நேரில் வந்து அதை ஒப்படைத்தார். மறுநாள் பொங்கல்.

அந்தக் குடும்பத்தின் மகன் அபிமன்யு. எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் பயின்றவர். இந்திய மாணவர் சங்கத்தில் தீவிரமாகச் செயல்பட்டவர். புதிய மாணவர்களை வரவேற்றுச் சுவரில் எழுதுவது தொடர்பாக எழுந்த தகராறில், 2018 ஜூலை 2-ம் தேதி நள்ளிரவுக்குப் பிறகு கல்லூரி அருகே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்.

ஓர் அறை வீட்டில் வாழ்ந்துவந்த விவசாயக் கூலிக் குடும்பம் அது. அபிமன்யு விட்டுச்சென்ற பொறுப்புகளை மார்க்சிஸ்ட் கட்சி ஏற்றுக்கொண்டது. அவருடைய சகோதரியின் திருமணத்தை 2018 நவம்பரில் நடத்தி வைத்தது. நிலம் வாங்கி வீடும் கட்டிக் கொடுத்தது. ஆனால், இறப்பு நிகழ்ந்த வீட்டில் ஓராண்டுக்குப் பண்டிகை கொண்டாடுவதில்லை என்பது தமிழர்களிடையே பரவலாக உள்ள வழக்கம். மகன் மறைந்து அப்போது ஆறரை மாதமே ஆகியிருந்தது. வழக்கப்படி பார்த்தால், புதுப்பானையும் கரும்பும் இன்றிக் கழிய வேண்டிய பொங்கல் அது.

எல்லைக்கு அப்பால் ஒரு விடுமுறை

மூணாறிலிருந்து சுமார் 45 கி.மீ. தொலைவில், கொடைக்கானல் மலைகளை ஒட்டியுள்ளது வட்டவடை. பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, முட்டைகோஸ் விளையும் ஊர். இங்கு வாழும் மக்களில் பெரும்பாலோரின் தாய்மொழி தமிழ். தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்துடன் இணைக்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. நேசமணியின் வாதம் நாடாளுமன்றம்வரை ஒலித்தது. ஆயினும், 1956 நவம்பர் 1-ம் தேதி மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது குமரிப் பகுதியின் 4 வட்டங்களும் செங்கோட்டையும் மட்டுமே தமிழகத்துக்குக் கிடைத்தன.

பொங்கல் அங்கு மாநிலம் முழுமைக்குமான விடுமுறை அன்று. தமிழர்கள் கணிசமாக வாழும் இடுக்கி, பாலக்காடு, திருவனந்தபுரம், கொல்லம், பத்தனம்திட்டா, வயநாடு ஆகிய 6 மாவட்டங்களுக்குக் கேரள அரசு உள்ளூர் விடுமுறை அறிவிக்கிறது. 2022-ல் விடுமுறை நாள் மாறுபட்டபோது, தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின் கடிதம் எழுதிய பின்னர், அது ஜனவரி 14-ம் தேதிக்கு மாற்றப்பட்டது.

தமிழில் எழுந்த ஓலம்

மகனின் உடலைக் கண்ட தாய், "நான் பெத்த மகனே" என்று தமிழில் கதறிய ஓலம் மலையாளிகளின் நெஞ்சையும் உலுக்கியது. அபிமன்யுவின் வாழ்வைச் சொல்லி 2019-ல் வெளியான மலையாளத் திரைப்படத்துக்கு அந்த ஓலமே பெயரானது. அவர் நினைவாக வட்டவடையில் நூலகம் ஒன்றும் அமைந்தது. அதற்காகப் பல இடங்களிலிருந்து நூல்கள் வந்து குவிந்தன. எல்லைப் பிரச்னையில் எதிரெதிர் அணியில் நின்ற இரு மொழியினரும் இந்தத் துயரில் ஒன்றாக நின்றனர்.

எஞ்சியுள்ள கடன்

இவ்வளவு பரிவு காட்டப்பட்ட குடும்பத்துக்கு நீதி மட்டும் விரைந்து கிடைக்கவில்லை. கேம்பஸ் பிரண்ட், பாப்புலர் பிரண்ட் அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் மீது போலீஸார் வழக்குத் தொடர்ந்தனர். அவ்விரு அமைப்புகளையும் மத்திய அரசு 2022 செப்டம்பரில் 5 ஆண்டுகளுக்குத் தடை செய்தது. கொலை வழக்கோ ஆண்டுக்கணக்கில் நீண்டது. குற்றப்பத்திரிகை உள்ளிட்ட ஆவணங்கள் எர்ணாகுளம் நீதிமன்றத்திலிருந்தே காணாமல்போன செய்தி 2024 மார்ச்சில் வெளியானது.

வீட்டைக் கட்சி கட்டித் தந்தது. விடுமுறையை அரசு அறிவிக்கிறது. நீதியை வழங்க வேண்டியது நீதிமன்றம். கொலை நடந்து 6-வது பொங்கலும் கழிந்த பிறகு வட்டவடைப் பெற்றோருக்குக் கிடைத்தது, தீர்ப்பு அல்ல. ஆவணங்களைக் காணவில்லை என்ற செய்திதான்.