குடைக்கு வெளியே ஒரு கிண்ணம்

நாசாவின் பார்க்கர் விண்கலம் சூரியனை நெருங்கும்போது, கிட்டத்தட்ட முழு உடம்பையும் ஒரு குடையின் நிழலில் ஒடுக்கிக்கொள்கிறது. 11 செ.மீ.க்குச் சற்று மேல் தடிமன் கொண்ட கார்பன் கவசம்தான் அந்தக் குடை. வெயில் படும் பக்கம் 1,370 டிகிரி செல்சியஸ் வரை காய்ந்தாலும், பின்னால் இருக்கும் கருவிகளுக்கு 30 டிகிரிதான்.

ஆனால் ஒரு கருவி அந்த விளிம்பைத் தாண்டித் தலையை நீட்டுகிறது. பெயர் 'சோலார் புரோப் கப்'. சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றத் துகள்களின் ஓட்டமான சூரியக் காற்றை நேருக்கு நேர் ஏந்தும் கிண்ணம். அதன் வாயில் மெல்லிய டங்ஸ்டன் வலைகள். அவற்றில் ஒன்றில் உயர் மின்னழுத்தம் மாறி மாறி ஏறி இறங்கும். அதைத் தாண்டும் வேகமுள்ள துகள்கள் மட்டுமே உள்ளே போய், அடியிலுள்ள நான்கு தகடுகளில் மோதி மின்னோட்டமாகின்றன. எந்தத் தகட்டில் எவ்வளவு என்பதை வைத்துக் காற்று வரும் திசை தெரிகிறது.

சொல்ல எளிது, செய்வதுதான் பாடு. இத்தகைய வலைக்கு வழக்கமாக லேசரால் கண் வெட்டுவார்கள். டங்ஸ்டன் உருக 3,422 டிகிரி வேண்டும், லேசர் பலிக்கவில்லை. அமிலத்தால் அரித்தே கண் திறந்தார்கள். சாதாரண மின்கம்பி உருகிவிடும் என்பதால் நியோபியத்தில் கம்பி செய்து, நீலக்கல் படிகத்தை வளர்த்தெடுத்த குழாய்களுக்குள் செருகினார்கள்.

இத்தனையும் தாங்குமா? அந்த வெயிலைப் பூமியிலேயே உண்டாக்கிப் பார்க்க வேண்டும். ஐமேக்ஸ் திரையரங்கு புரொஜெக்டரின் விளக்கு ஏறத்தாழ 5,700 கெல்வினில் எரிகிறது. சூரியனின் மேற்பரப்பும் கிட்டத்தட்ட அதே சூடு. ஆகவே பழைய புரொஜெக்டர்கள் நான்கை வாங்கி மாற்றியமைத்து, அவற்றின் ஒளியைக் கருவிமேல் குவித்தார்கள். பிறகு பிரான்சின் ஒதெய்யோ சூரிய உலையில், பத்தாயிரம் கண்ணாடிகள் குவித்த வெயிலில் காய்ச்சினார்கள். புடம் போடப் போடப் பொன் தெளிவது போல, சூட்டில் இருக்க இருக்கக் கருவியின் அளவீடுகள் இன்னும் துல்லியமாயின. எனக்கு இந்தத் திட்டத்திலேயே மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

இந்தக் கிண்ணம் ஏந்தும் சூரியக் காற்று உண்டென்று இயற்பியலாளர் யூஜின் பார்க்கர் எழுதிய கட்டுரையை மதிப்பீட்டாளர்கள் இருவரும் நிராகரித்தார்கள். ஆய்விதழின் ஆசிரியராக இருந்த நம் சுப்பிரமணியன் சந்திரசேகருக்கும் அந்தக் கருத்து பிடிக்கவில்லை; ஆனால் கணக்கில் பிழை காணாததால் 1958இல் வெளியிட்டார். 2018 ஆகஸ்ட் 12 அன்று, தம் பெயர் தாங்கிய விண்கலம் புறப்பட்டதை 91 வயது பார்க்கர் நேரில் நின்று பார்த்தார். 2021 ஏப்ரல் 28 அன்று அது சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனாவுக்குள் நுழைந்தது. அதற்கு முன் மனிதர் செய்த எந்தப் பொருளும் அங்கே போனதில்லை.